கடுகளவு காயம்: வெளியே சுற்றும் பூனைகளுடன் 13 ஆண்டுகள்

கறுப்பனுக்கு வால் தொடங்கும் இடத்தில், மயிருக்கு அடியில், கடுகளவுக்கு ஒரு பொருக்கு விரலில் தட்டுப்பட்டது. முள் ஏதாவது கீறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை தட்டருகே வந்து முகர்ந்து பார்த்தான். சாப்பிடாமல் திரும்பிப் போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டான். முதுகில் கை வைத்ததும் சீறினான். வளர்த்த நான்கு ஆண்டுகளில் அவன் என்னைப் பார்த்துச் சீறியது அதுவே முதல் தடவை. குனிந்து பார்த்தால், வாலடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். தொட்டால் சுட்டது.

மருத்துவர் வெப்பமானியை எடுத்துக் காட்டினார்: 40.6 டிகிரி செல்சியஸ். நலமாக இருக்கும் பூனைக்கு 38 முதல் 39.2 டிகிரி வரை இருக்கும். வீங்கிய இடத்தில் மயிரைச் சிரைத்ததும்தான் தெரிந்தது, நான் தொட்டது ஒரு புள்ளி, அங்கே இருந்தவை இரண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பூனையின் கோரைப்பற்களுக்கு இடையில் இருக்கும் அதே இடைவெளி. மயக்க மருந்து கொடுத்துக் கீறியபோது வந்த சீழின் நாற்றம் அறையை விட்டுப் போக வெகுநேரம் ஆனது.

"பின்பக்கம் கடி வாங்கியிருக்கிறான். அப்படியென்றால் ஓடியிருக்கிறான். நின்று சண்டை போடுகிறவனுக்கு முகத்திலும் முன்னங்காலிலும்தான் இருக்கும்" என்றார் மருத்துவர். என் வீட்டுச் சண்டியரின் வீரம் அன்றோடு அம்பலமானது.

பூனையின் கோரைப்பல் ஊசி போன்றது. ஆழமாக இறங்கும், ஆனால் மேல்தோலில் விடுவது சிறிய துளைதான். சில மணி நேரத்தில் அந்த வாசல் மூடிக்கொள்ளும். பல்லோடு உள்ளே போன பாஸ்ச்சுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அடைத்த வீட்டுக்குள் குடித்தனம் நடத்தத் தொடங்கும். இரண்டு முதல் ஐந்து நாட்களில் சீழ்க்கட்டி. ஆகவே கடிபட்ட அன்று பூனை ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். நமக்குத் தெரியும்போது காய்ச்சலில் கிடக்கும். கட்டியைப் பிதுக்கக் கூடாது, மனிதர்களுக்கான களிம்பு எதையும் தடவக் கூடாது என்பதை அன்று கற்றேன். செவ்வாய்க்கிழமையே அந்தக் கடுகளவுப் பொருக்கோடு போயிருந்தால், சுத்தம் செய்து மருந்து கொடுத்து அனுப்பியிருப்பார்கள். மயக்கமும் கத்தியும் தேவைப்பட்டிருக்காது.

கட்டி ஆறியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். மருத்துவர் இன்னொரு தேதியைக் குறித்துக் கொடுத்தார். பூனைகளுக்கு நோயெதிர்ப்பைக் குலைக்கும் எஃப்.ஐ.வி. என்ற வைரஸ் ஒன்று இருக்கிறது. 1986இல் கலிபோர்னியாவில் கண்டறிந்தார்கள். மனிதர்களுக்குத் தொற்றாது. ஒரு பூனையிடமிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆழமான கடி வழியாகத்தான் போகிறது. உடனே சோதித்தால் பயனில்லை, இரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்பட நாளாகும் என்பதால் 60 நாட்கள் கழித்து வரச்சொன்னார். அந்த 60 நாட்களும் குட்டி போட்ட பூனை நானாகத்தான் இருந்தேன். முடிவு நல்லபடியாக வந்தது. தொற்று இருந்தாலும் பல ஆண்டுகள் நலமாக வாழ்கிற பூனைகள் உண்டு என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்; கேட்கும் நிலையில் நான் இல்லை.

அந்தச் சண்டைக்கு வேரே என்னிடம்தான் இருந்தது. கறுப்பனுக்குக் கருத்தடை செய்ய மூன்று வயது வரை தள்ளிப்போட்டேன். கடுவன் பெட்டையைத் தேடிப் போகும், எல்லைக்காகச் சண்டை போடும். மூன்று ஆண்டுகள் அப்படியே வளர்ந்த பிறகு கத்தி வைத்தால் வேகம் குறையும், பழக்கம் முழுதும் போகாது. அடுத்து வந்த செம்பனுக்கு ஐந்து மாதத்துக்குள் செய்துவிட்டேன். அவன் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. பெட்டைக்கு இன்னும் அவசரம்: நான்கு மாதத்திலேயே சினை பிடித்துவிடலாம். "இன்னும் குட்டிதானே" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது குட்டிகளோடு வந்து நிற்கும்.

வெளியே போகும் பூனையின் நாளில் பாதி நமக்குத் தெரியாது. எதைத் தின்றது, யாரிடம் அடி வாங்கியது, எங்கே விழுந்தது என்று சொல்லவும் சொல்லாது. போதாததற்கு, வலியை மறைப்பதில் பூனையை மிஞ்ச ஆளில்லை. வலிக்கும்போதும் குறுகுறுவென்று ஒலியெழுப்பும். எனவே அது திரும்பி வந்த பிறகு உடம்பைப் படித்துத்தான் அந்தப் பாதி நாளைத் தெரிந்துகொள்ள முடியும். கறுப்பனின் கட்டிக்குப் பிறகு தினமும் மாலை இரண்டு நிமிடம் அதற்கென்று ஒதுக்கினேன். பூனைக்கு அது கொஞ்சல், எனக்கு அது சோதனை.

தடவுவது வேறு, தேடுவது வேறு. தடவும்போது உள்ளங்கை மயிர் போகும் திசையில் வழுக்கிக்கொண்டு போய்விடும், ஒன்றும் தெரியாது. விரல் நுனிகளால் மயிரை எதிர்த்திசையில் விலக்கி, தோலைத் தொட்டுக்கொண்டே போகவேண்டும். முகவாயில் தொடங்கி, காதுக்குப் பின்புறம், கழுத்து, தோள், முன்னங்கால்களின் இடுக்கு, விலா, வாலடி, கடைசியில் பாதங்கள். உண்ணி பெரும்பாலும் காதோரத்திலும் தாடைக்குக் கீழும்தான் ஒட்டியிருக்கும். அதைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுத்து எடுக்கவேண்டும். நசுக்கவோ நெருப்பு வைக்கவோ கூடாது. தெள்ளுப்பூச்சி கண்ணில் படுவது அரிது, அதன் எச்சம் படும். வாலடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புத் துகள் இருந்தால், ஈரமான வெள்ளைத் தாளில் சிலவற்றை உதறிப் பாருங்கள். மண் என்றால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் என்றால் துகளைச் சுற்றி துருச்சிவப்பில் நிறம் கசியும். அது செரித்த இரத்தம். ஆசனவாய் ஓரத்தில் அரிசி போல் ஏதாவது காய்ந்து ஒட்டியிருந்தால் நாடாப்புழு. தெள்ளை நக்கி விழுங்குவதாலும் எலியைத் தின்பதாலும் அது வருகிறது. வேட்டையாடும் பூனைக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை குடற்புழு மருந்து என்பதை மருத்துவரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கான கணக்கு இதற்குப் பொருந்தாது.

உதட்டைத் தூக்கி ஈறையும் ஒருமுறை பார்க்கவேண்டும். இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்த இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். உங்கள் பூனையின் ஈறு சாதாரணமாக எந்த நிறம் என்று தெரிந்தால்தான், அது வெளுத்தாலோ மஞ்சளானாலோ உங்களுக்குப் புரியும். மூச்சையும் அப்படித்தான் எண்ணிப் பழகவேண்டும்: தூங்கும்போது நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருக்கும். இந்த எண்ணிக்கைதான் செம்பனை ஒருமுறை காப்பாற்றியது.

செம்பன் ஒரு மழைநாள் காலையில் தன் காலாலேயே நடந்து வந்தான். இடது பக்கத்தில் மட்டும் எண்ணெயும் சேறும். நொண்டவில்லை, கத்தவில்லை. துடைத்துவிடலாம் என்று பாதத்தைக் கையில் எடுத்தேன். நகங்கள் உளிபட்ட மரம்போல் நார்நாராகப் பிரிந்திருந்தன, ஒன்றிரண்டல்ல, நான்கு பாதங்களிலும். வண்டி இடித்துத் தள்ளும்போது பூனை தரையைப் பற்றிக்கொள்ளப் பார்க்கும், அதில் நகம் கிழியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. படுத்திருந்தவனின் மூச்சை எண்ணினேன், 60ஐத் தாண்டியது. எக்ஸ்ரேயில் உதரவிதானம் கிழிந்து, வயிற்றில் இருக்கவேண்டிய உறுப்புகளில் சில நெஞ்சுக்குள் ஏறியிருந்தன. அறுவை சிகிச்சை செய்து பிழைத்தான். 'நடந்துதானே வந்தது' என்று நினைத்து ஒரு துணியை விரித்துப் படுக்க வைத்திருந்தால், அன்று மாலைக்குள் போயிருப்பான்.

அடிபட்ட பூனையைத் தோளில் சாய்த்துத் தூக்காதீர்கள். ஒரு துண்டை அதன் உடம்புக்கு அடியில் மெல்ல நுழைத்து, சாயாமல் அப்படியே பெட்டிக்குள் இறக்குங்கள். வலியில் இருக்கும் பூனை, வளர்த்தவனையும் கடிக்கும். கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நீங்களும் மருத்துவரிடம் போகவேண்டும். கையில் விழும் பூனைக்கடி, கறுப்பனின் வாலடியில் நடந்ததையே உங்கள் விரல் மூட்டிலும் செய்யும். அதைவிட, ரேபிஸ் என்பது அறிகுறி வந்தபின் ஏறக்குறையத் தப்பவே முடியாத நோய். வெளியே போகும் பூனைக்கு ரேபிஸ் தடுப்பூசி போடலாமா வேண்டாமா என்பது பேச்சுக்கே உரியதல்ல.

செம்பன் இரண்டாவது தடவை நடந்து வரவில்லை. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடிகிறது.

அதன்பிறகுதான் இரவில் கதவை அடைத்தேன். பூனை அதிகம் திரிவது அந்தியிலும் விடியலிலும். மனிதர்கள் அவசரமாக வண்டியோட்டும் நேரமும், வெளிச்சம் மயங்கும் நேரமும் அதுவே. முகப்பு விளக்கின் ஒளி கண்ணில் விழுந்தால் பூனை ஓடாது, அப்படியே உறைந்து நின்றுவிடும். கறுப்பனுக்கு அப்போது ஐந்து வயது, இரவெல்லாம் ஊர் சுற்றிப் பழகியவன். முதல் வாரம் கதவைப் பிராண்டினான், இரவு இரண்டு மணிக்குப் பாடினான். நான் செய்தது ஒன்றே ஒன்று: பகலில் தட்டில் வைத்துவிட்டுப் போவதை நிறுத்தி, முக்கியமான சாப்பாட்டை இருட்டுவதற்கு அரைமணி முன்னால் வைத்தேன். வைக்கும் முன் ஒரு தகர டப்பாவை மூன்று முறை குலுக்குவேன். வேறு எதற்காகவும் அந்த டப்பா ஒலிக்காது. மூன்று வாரத்தில், எங்கே இருந்தாலும் சத்தம் கேட்டதும் வாலைக் கொடிபோல் நிமிர்த்திக்கொண்டு மதில்மேல் ஓடி வந்தான். சாப்பிட்டதும் கதவு மூடும். விளையாட்டு கொஞ்சம், பிறகு தூக்கம். பாட்டு நின்றது. பூனையைக் கூப்பிட்டால் வராது என்கிறவர்கள் கூப்பிடத் தெரியாதவர்கள் என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் சூடாக இருக்கும்போது அதன் இடுக்கில் ஏறிச் சுருண்டுகொள்ளும் பூனைகள் உண்டு. கிளப்புவதற்கு முன் முன்மூடியை இரண்டு தட்டு தட்டுவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

இரவில் வீட்டுக்குள் இருப்பதென்றால் மணல்பெட்டி வேண்டும். வெளியே போகிற பூனைக்கு அது எதற்கு என்று முன்பெல்லாம் நினைத்திருந்தேன். இன்றைக்கு வீட்டிலுள்ள பொருட்களில் கறுப்பனின் உயிரைக் காத்தது எது என்று கேட்டால் அந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன். அவனுக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு ராத்திரி பெட்டிக்குள் போய் உட்கார்ந்தான், எழுந்தான், மணலைப் பறித்தான், மறுபடி உட்கார்ந்தான். அரைமணிக்குள் ஐந்து தடவை. மலச்சிக்கல் என்று நினைக்கத்தான் தோன்றும். பெட்டியைப் பார்த்தேன், மணல் உலர்ந்து கிடந்தது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகலானது, சிறு படிகங்களும் சளியும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகும். ஓரிரு நாள்தான் கெடு. அந்த இரவே தூக்கிக்கொண்டு ஓடியதால் குழாய் போட்டு வெளியேற்றினார்கள். இதே அடைப்பு அவன் வெளியே படுத்துப் பழகிய காலத்தில் வந்திருந்தால், எந்தப் புதரடியில் முக்கிக்கொண்டிருக்கிறான் என்று யார் பார்த்திருப்பார்கள்?

அதற்குப் பிறகு அவனுக்குத் தனி உணவு எழுதிக் கொடுத்தார்கள். நானும் அளந்து வைத்தேன். அடுத்த சோதனையில் சிறுநீரில் படிகங்கள் அப்படியே இருந்தன. எடை மட்டும் கூடியிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து, ஒரு தாளில் "இந்தப் பூனைக்குச் சிறுநீர்க் கோளாறு. உங்கள் வீட்டில் சாப்பிடுகிறதா?" என்று எழுதிக் கழுத்துப்பட்டையில் சுற்றி அனுப்பினேன். மாலையில் அதே தாளின் பின்பக்கத்தில் பதில் வந்தது: "ஐயா, மன்னிக்கவும். தினமும் காலை 6.30க்கு வருவான். நோய் என்று தெரியாது, இனி வைக்கமாட்டோம். போன மாதம் ஒரு வாரம் பின்னங்கால் நொண்டினானே, அது சரியாகிவிட்டதா?"

நொண்டியது எனக்குத் தெரியாது. தினம் இரண்டு நிமிடம் விரல் நுனியால் தேடுகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். படுத்திருக்கும் பூனையைத் தொட்டுப் பார்த்தேனே தவிர, நடக்கவிட்டுப் பார்க்கவில்லை. இப்போது சோதனையின் கடைசியில் அறையின் குறுக்கே நடக்கவைத்து, ஒரு நாற்காலியில் ஏறவிட்டுப் பார்க்கிறேன். அந்த வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் பூனையின் மறுபாதி நாள் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அவர் யார் என்று கண்டுபிடித்துவிடுவது நல்லது.

கழுத்துப்பட்டை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். கொக்கி போட்டு இறுக்கும் பட்டை வெளியே போகும் பூனைக்கு ஆகாது. கிளையில் மாட்டினால் தூக்குக்கயிறு. தளர்வாக இருந்தால் அதைவிடக் கொடுமை: கழற்றப் பார்க்கும்போது முன்னங்கால் உள்ளே மாட்டிக்கொண்டு, பட்டை அக்குளை அறுத்துக்கொண்டே போகும். தெருவில் அப்படி ஒரு பூனையைப் பிடித்துக் கொண்டுபோயிருக்கிறேன். அந்தப் புண் ஆற மாதக்கணக்கானது. இழுவை விழுந்தால் தானே கழன்றுகொள்ளும் பட்டைகள் கிடைக்கின்றன. இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் போடுங்கள். அது அடிக்கடி தொலையும், தொலையட்டும். பட்டை தொலைந்தாலும் பூனையின் அடையாளம் தொலையாமலிருக்க மைக்ரோசிப் இருக்கிறது. அரிசி மணி அளவுதான், தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் ஊசியால் வைத்துவிடுவார்கள். பூனை இருக்குமிடத்தை அது காட்டும் என்று பலர் நம்புகிறார்கள், காட்டாது. கருவியால் வருடினால் ஓர் எண்ணைச் சொல்லும், அவ்வளவே. அந்த எண்ணுக்கு எதிரே உங்கள் பழைய தொலைபேசி எண் பதிவாகியிருந்தால் சிப் இருந்தும் இல்லாததுதான்.

வெள்ளைச்சி காணாமல் போனபோது எனக்குத் தேடத் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு தூரதூரமாக அலைந்தேன். ஐந்தாம் நாள், வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளியிருந்த ஒரு சாமான் அறைக்குள் இருந்தாள். அவள் நுழைந்தது தெரியாமல் யாரோ பூட்டியிருக்கிறார்கள். நான் தினமும் அந்தக் கதவைக் கடந்து போயிருக்கிறேன். அவள் ஒரு சத்தம் கொடுக்கவில்லை. பயந்த பூனை பதில் சொல்லாது, பழகிய குரலுக்கும் சொல்லாது. காணாமல் போன பூனைகளைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வொன்றில், கிடைத்தவற்றில் முக்கால்வாசி புறப்பட்ட இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்ததாகச் சொல்கிறார்கள். முதல் நாளே அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு கதவையும் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். "இங்கே இல்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள், அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். பிறகு ஊர் அடங்கிய நேரத்தில் டார்ச்சைக் கண்மட்டத்தில் பிடித்துக்கொண்டு புதர், படிக்கட்டின் அடி, சாக்கடை மூடி என்று ஒளியை மெல்ல ஓட்டுங்கள். பூனை கத்தாவிட்டாலும் கண் மின்னும்.

கிடைத்த மகிழ்ச்சியில் தட்டு நிறைய வைத்தேன், அவள் தொடவில்லை. நாலைந்து நாள் பட்டினி கிடந்த பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், அதிலும் வெள்ளைச்சி போலக் கொஞ்சம் பருமனான பூனைக்கு. அதற்கும் மருத்துவரிடம்தான் ஓடவேண்டியிருந்தது. அவள் காதில் இருந்ததை அவர்தான் அன்று கவனித்தார். வெள்ளைப் பூனைகளின் காது நுனியில் மயிர் குறைவு, நிறமியும் இல்லை. வெயில் நேராகப் படும். நுனி சிவந்து, செதிலாகி, ஆறாத சிறு பொருக்காக நிற்கும். சண்டைக் கீறல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது செதிட்செல் புற்றுநோயின் தொடக்கம். நுனியை வெட்டியெடுத்ததோடு தப்பினாள். இப்போது உச்சி வெயிலில் அவளுக்கு வெளியே அனுமதி இல்லை. சாளரத்தருகில் படுத்து, அறுந்த காதைத் திருப்பித் திருப்பி உலகத்தை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நஞ்சு என்றால் வெளியே யாரோ வைப்பது என்ற எண்ணம் நமக்கு. நான் கிட்டத்தட்ட என் கையாலேயே வைத்திருப்பேன். வீட்டில் நாயும் இருந்தது. அதன் பிடரியில் விடும் தெள்ளு மருந்து மீதியிருந்தது. அளவைக் குறைத்துப் பூனைக்கும் விடலாம் என்று குப்பியைத் திறந்துவிட்டேன். எதற்கும் பார்க்கலாம் என்று உறையைத் திருப்பினால், பூனைப் படத்தின்மேல் சிவப்பில் குறுக்குக்கோடு. பெர்மெத்ரின். நாய்க்கு மருந்து, பூனைக்கு வலிப்பு. பூனையின் கல்லீரலுக்குச் சில பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு, அதனால் அளவைக் குறைப்பதில் பயனில்லை. பாரசிட்டமாலும் அப்படியே. காய்ச்சலாக இருக்கிறதே என்று ஒரு மாத்திரை கொடுத்தால், ஈறு பழுப்பேறி, முகம் வீங்கி, இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகும். பரிவால் செத்த பூனைகளைப் பற்றி எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

எலி மருந்தில் பல, இரத்தம் உறையாமல் செய்பவை. நஞ்சுண்ட எலி தளர்ந்து நடக்கும், பூனைக்கு எளிதில் மாட்டும். அறிகுறி உடனே வராது. சில நாள் கழித்து வெளுத்த ஈறு, தோலடியில் இரத்தக்கட்டு, மூச்சிரைப்பு. வைட்டமின் கே1 கொடுத்தால் பிழைக்கும், நேரத்தில் போனால். இன்ஜின் குளிர்விப்பு நீரில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் சில மணி நேரமே தரும். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே சிறுநீரகத்தை முடித்துவிடும். லில்லிப் பூவைப் பொறுத்தவரை தின்னக்கூட வேண்டாம், மயிரில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். எது என்று தெரியாவிட்டாலும் சந்தேகப்படும் உறையையோ இலையையோ கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டிலேயே உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தியெடுக்க வைக்கும் வேலை வேண்டாம்.

தடுப்பூசி பற்றி நீட்ட வேண்டியதில்லை. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் போடுவார்கள். பாதியில் விட்டவர்கள்தான் அதிகம், நானும் ஒருமுறை விட்டேன். பூனைகளின் இரத்த வெள்ளணுக்களை அழிக்கும் பான்லுகோபீனியா வைரஸ் மண்ணிலும் தரையிலும் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கும், இன்னொரு பூனையைச் சந்தித்தால்தான் வரும் என்பதில்லை. எச்சில் வழியாகவும் பொதுத்தட்டு வழியாகவும் பரவும் எஃப்.இ.எல்.வி. என்ற இரத்தப்புற்று வைரஸுக்கும் தடுப்பூசி உண்டு. வெளியே போகும் பூனை என்று மருத்துவரிடம் சொன்னால்தான் அதைப் பற்றிப் பேச்சு வரும். சொல்லுங்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு, பூனையை ஏன் வெளியே விடுகிறாய் என்று கேட்பீர்கள். சிறு வயதிலிருந்தே வெளியே திரிந்த கறுப்பனை முழுக்க அடைத்தபோது, தன் வயிற்று மயிரை வழுக்கையாகும்வரை நக்கினான். அவனுக்குப் பகல் முழுவதும், இரவு கிடையாது என்று ஓர் ஒப்பந்தம். ஆனால் சென்ற ஆண்டு வந்த குட்டி வாசலைத் தாண்டியதே இல்லை. அவளுக்கு வலையடித்த மாடமும், உயரமான பலகைகளும், தினமும் இருமுறை வேட்டை விளையாட்டும் இருக்கின்றன. வெளியை அறியாததால் ஏங்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. கறுப்பன் இதுவரை கொண்டுவந்து போட்ட குருவிகளை நான் எண்ணியதில்லை, எண்ணினால் வெட்கமாக இருக்கும். இறைச்சி மிகுந்த உணவும் தினம் சில நிமிட விளையாட்டும் வீட்டுக்குக் கொண்டுவரும் இரையைக் குறைக்கின்றன என்று 2021இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு காட்டியது. கறுப்பனிடமும் முயன்றேன். குருவிகள் குறைந்தன, பல்லிகள் குறையவில்லை.

அவனுக்கு இப்போது 13 வயது. நேற்று டப்பாவைக் குலுக்கியதும் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தான். சாப்பிட்டான். அறையின் குறுக்கே நடக்கவிட்டேன், நொண்டல் இல்லை. நாற்காலியில் ஏறும் முன் ஒரு கணம் யோசித்தான். ஈறு நல்ல நிறம். மூச்சு 24. பிடரியின் இடப்பக்கம், காதுக்கு இரண்டு விரற்கடை கீழே, மயிரை விலக்கியபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கடுகளவுதான். விளக்கை அருகில் இழுத்து, அதன் பக்கத்திலேயே இரண்டாவது புள்ளி இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. பெட்டியை எடுத்து வந்து, உள்ளே அவனுடைய பழைய துண்டை விரித்தேன்.